ஒரு ஓடுகூட வேணாம்

ஜனவரி 21, ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஐரீன் அன்ரியின் முதுகைத் துடைத்தேன். இடுப்பெலும்பு உடைந்து அவர் படுக்கையில் விழுந்து ஐந்து மாதம். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. பெற்ற தாய்க்குக்கூட நான் இவ்வளவு செய்யவில்லை.

வழக்கம்போல ஜேமி மெல்போர்னிலிருந்து போன் எடுத்தான், அன்ரியின் தம்பி மகன். போனைக் குசினிக்குக் கொண்டுபோய், "அன்ரி நித்திரை, தம்பி" என்றேன்.

"ஜேமி எடுத்தவனா, புள்ள?"

"இல்லை அன்ரி."

இது நான்காவது ஞாயிறு. வேறென்ன செய்ய? அவன் குரலைக் கேட்டால் வீட்டை அவனுக்கே எழுதிவிடுவார். வாவியைப் பார்த்து ஒன்பது யன்னல்! இருபது வருடம் ஒற்றை யன்னல் அறையில் வாடகைக்கு வெந்தவள் நான். ஆண்டவர் எனக்கும் ஒருநாள் கண் திறக்க மாட்டாரா?

பெப்ரவரி 14, திருநீற்றுப் புதன்

அன்ரி உபவாசம். தன் பங்கு மீன்குழம்பைப் பக்கத்து வீட்டு ஆர்த்திகாவுக்குக் கொடுக்கச் சொன்னார். நான் தின்றேன். நல்ல குழம்பு.

பெப்ரவரி 25, ஞாயிறு

செபக்குழு வீட்டுக்கு வந்தது. "வீட்டுக்காகத்தானே சமந்தா நிக்கிறா" என்று ஒருத்தி குசுகுசுத்தது காதில் விழுந்தது. விடுவேனா? நேரே வீட்டுப் பீடத்துக்குப் போய்க் குடும்ப வேதப்புத்தகத்தில் கைவைத்துச் சாட்சியம் சொன்னேன்: "எனக்கு ஆண்டவர் போதும். இந்த வீட்டில ஒரு ஓடுகூட வேணாம்!" கட்டிலில் கேட்டுக்கொண்டு கிடந்த அன்ரி உட்பட எல்லோரும் அழுதார்கள். செபம் நடத்திய பிரதர் நிலோஜனும் மூக்கைச் சிந்தினார்.

இந்தக் குடும்பத்தில் அந்தப் புத்தகத்தில் கைவைத்துச் சொன்னதை யாரும் மாற்றுவதில்லை. அன்ரி இருபத்திரண்டு வயதில் அதில் கைவைத்து, தன் வாழ்க்கை கடவுளுக்கே என்று சொன்னவர். பிறகு எத்தனை பேர் பெண் கேட்டும் அசையவில்லை. தெரிந்துதான் வைத்தேன். பார்க்கிறவர்கள் நம்ப வேண்டாமா?

மார்ச் 3, ஞாயிறு

ஜேமியிடம் முடித்துவிட்டேன். "அன்ரிக்கு இப்ப ஆரையும் தெரியாது தம்பி. குரலைக் கேட்டாப் பதறுறா. இனி எடுக்க வேணாம்." அவன் விம்மினான். "சரி அக்கா. நீங்க இருக்கிறீங்கதானே" என்றான்.

அன்ரியிடம் சொன்னேன்: "அவனுக்கு உங்களை நினைக்க எங்க நேரம்?" கஞ்சி வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். கிடக்கட்டும். பசித்தால் புத்தி வரும்.

மார்ச் 19, செவ்வாய்

வீட்டுக்கு உறுதிப்பத்திரம் எழுத அன்ரி நொத்தாரிசைக் கூப்பிடச் சொன்னார்! காத்தான்குடியிலிருந்து அஸீமா வந்தார். என்னை வெளியே அனுப்பினார்கள். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டு பாடினேன் – எத்தனை வருடத்துக்குப் பிறகு! யன்னல்களுக்கு நீலத் திரை போட வேண்டும்.

மார்ச் 22, வெள்ளி

உறுதியின் பிரதி வந்தது. வீடு கன்னியாஸ்திரிகளுக்கு. ஆரும் இல்லாத கிழவிகளைப் பராமரிக்கவாம். ஆசை எதுவும் இல்லாத சமந்தா சாகும்வரை அங்கே ஊழியம் செய்யலாம், படுக்க ஒரு கட்டில் தரப்படும் என்று எழுதியிருக்கிறது. கட்டில்!

"எனக்கு ஏன் அன்ரி தரல்ல?"

"புத்தகத்தில கைவெச்சு நீ சொன்ன சாட்சியத்த நான் கெடுப்பனா, புள்ள?" என்று என் கையைப் பிடித்து முத்தமிட்டார். கையை இழுத்துக்கொண்டேன். ஐயோ, என் வாய்! என் பாழாய்ப்போன வாய்!

மார்ச் 29, பெரிய வெள்ளி

நோகட்டும் என்றே சொன்னேன். "ஜேமி ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தவன். உங்களுக்குப் புத்தி பேதலிச்சிட்டெண்டு நான்தான் நிப்பாட்டினன்."

என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். "அவன் சுகமா இருக்கானா?" என்றுதான் கேட்டார். பிறகு, "எடுத்துத் தா."

எடுத்துக் கொடுத்தேன். ஜேமியின் குரல் கேட்டதும் அன்ரிக்கு வாய் அடைத்துப்போனது. "மகன்... மகன்..." அதற்குமேல் வரவில்லை, விம்மலும் இழுப்பும்தான்.

போனை நான் வாங்கி வாய் திறக்குமுன், "பாவம், அக்கா சொன்னது சரிதான். நான் ஆரெண்டே தெரியல்ல. இனி இப்பிடி எடுத்துத் தராதீங்க அக்கா, என்னால தாங்க ஏலாது" என்று வைத்துவிட்டான்.

திரும்ப எடுத்தேன். மூன்று தரம் மணி போனது. பிறகு போனை நிறுத்திவிட்டான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

நாலு கட்டில் வந்து இறங்கியது. கதவடியில் இருப்பது என்னுடையது. இரண்டு கிழவிகள் நாளைக்கு வருகிறார்கள். இரண்டு பேருக்கும் படுக்கையில்தான் எல்லாம்.

பூசை முடிந்து வந்து அன்ரியின் முதுகைத் துடைத்தேன். போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடக்கிறார். நான் தண்ணீர் ஊற்றப் போய் வந்த இடைவெளியில் கண் அயர்ந்துவிட்டாராம்.

"ஜேமி எடுத்தவனா, புள்ள?"

"இல்லை அன்ரி" என்றேன். இன்று அது பொய்யில்லை.