டிவி சும்மா இருக்கும்போது

துவாரகா, டெல்லி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மதுமதிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம். நீ சௌக்கியமா என்று வழக்கமாக ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிடுவேன், இந்தத் தடவை அது நிஜமான கேள்வி, பதில் வர வேண்டும். போன் இருக்கும்போது ஏன் காகிதம் என்று சிரிப்பாய். போனில் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய், அதனால்தான். நம் குடியிருப்பு சொசைட்டியில் இருக்கிற மாதுரி மேல்படிப்புக்குக் கனடாவுக்கு, உன் கால்கரிக்கே வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். மோதி பாக் பள்ளியில் உன்னைத் தமிழ் படிக்கப் போட்டதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். இங்கே குளிர் தொடங்கிவிட்டது, கூடவே புகையும் வந்துவிட்டது, அம்மா ஜன்னலைத் திறக்க விடுவதில்லை, நாள் முழுக்க டிவிதான்.

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு வந்தபோது நெட்டில் சீரியல் பார்க்க டிவிக்குப் பின்னால் ஒரு குச்சியைச் செருகிவிட்டுப் போனாயே, அது கிழடாகிவிட்டது. சீரியலில் மாமியார் வாயைத் திறந்தால் மூடுவதற்குள் படம் நின்று வட்டம் சுற்றுகிறது. புதிது வாங்கச் சொல்லி நீயும் நாலு லிங்க் அனுப்பினாய். நேற்று மார்க்கெட்டுக்குப் போனோம். குச்சியா, சின்னப் பெட்டியா, எங்கள் டிவி எந்த மாடல், வைஃபை வேகம் எவ்வளவு என்று கடைக்காரர் வரிசையாகக் கேட்டார், ரிமோட்டில் பேசினாலே போதும், தமிழும் புரியும் என்றார். திருநெல்வேலித் தமிழ் புரியுமா என்றேன், ட்ரை கீஜியே அங்கிள்ஜி, பேசித்தான் பாருங்களேன் என்று சிரித்தார். அதுவரை மிக்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த உன் அம்மா பக்கத்தில் வந்து, டிவி சும்மா இருக்கும்போது இதில் போட்டோ வருமா, யாருடைய போட்டோ வரும் என்று தன் உடைந்த ஹிந்தியில் கேட்டாள். நான் திரும்பி அவள் முகத்தையே பார்த்தேன்.

ஏன் என்று சொல்கிறேன். அந்தக் குச்சியை நீ உன் ஈமெயிலைப் போட்டுத்தானே ஓட வைத்தாய். ரிமோட்டைக் கொஞ்ச நேரம் தொடாமல் இருந்தால், உன் போனில் நீ எடுக்கிற படங்கள் ஒவ்வொன்றாக எங்கள் டிவியில் வருகின்றன. உனக்கு இது தெரியாது, தெரிந்திருந்தால் நிறுத்தியிருப்பாய். முதலில் பனி வந்தது, மாப்பிள்ளை கருக்கின தோசை வந்தது, நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் படங்களில் மாப்பிள்ளை ப்ரசன்னா வருவது நின்றுபோனது. திரும்பத் திரும்ப ஒரே ஜன்னல், ஒரு நாள் வெளிச்சமாக, ஒரு நாள் இருட்டாக. மேஜையில் ஒரே ஒரு தட்டு. கல்யாணப் படம் மாட்டியிருந்த சுவரில் ஆணி மட்டும். போனில் கேட்டால் அவர் குளிக்கிறார் என்கிறாய், பொங்கலிலிருந்து மாப்பிள்ளை குளித்துக்கொண்டேதான் இருக்கிறார். போன மாதம் ஒரு கை வந்தது, மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை, அதற்கு மேலே உன் மச்சம். யாருக்கு அனுப்ப எடுத்தாயோ. நான் ரிமோட்டைப் பிடித்தபடி மூச்சைக்கூட மெதுவாக விட்டேன், தொட்டால் நீ போய்விடுவாய். பெற்ற பிள்ளையை உயிரோடு இருக்கும்போதே ஆவியைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறேன் என்று பயமாக இருந்தது. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே சீரியலைப் போட்டுவிடுவேன். நான் வாக்கிங் போகிற நேரமெல்லாம் அவளும் இதையேதான் செய்துகொண்டிருந்திருக்கிறாள், எனக்குத் தெரிய வேண்டாம் என்று. அது நேற்று கடையில்தான் புரிந்தது.

புதிதில் உங்கள் ஈமெயிலைப் போடுங்கள் ஆன்ட்டி, உங்கள் போட்டோவே வரும் என்றார் கடைக்காரர். அப்படியென்றால் வேண்டாம் என்று அம்மா வெளியே நடந்துவிட்டாள். ஈ-ரிக்‌ஷாவில் வீடு வந்து சேர்ந்தோம். வந்து டிவியைப் போட்டு, எதையும் ஓட விடாமல், முதல் தடவையாகச் சேர்ந்து உட்கார்ந்து காத்திருந்தோம். ஜன்னல் வந்தது, தட்டு வந்தது, அப்புறம் எங்கள் வீட்டு ஹால் வந்தது. அதே சோபா, அதில் நானும் அம்மாவும் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறோம், இரண்டு நரைத்த தலைகள் பின்பக்கத்திலிருந்து. வந்திருந்தபோது நீ எங்களுக்குத் தெரியாமல் எடுத்திருக்கிறாய். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பின்னால் பார்த்தோம். கதவுத் திரைதான் இருந்தது. அம்மா வாய்விட்டு அழுதாள்.

நீ அங்கிருந்தே ஒரு பட்டனைத் தட்டினால் படங்கள் நின்றுவிடுமாம். எழுதாதீர்கள், தெரிந்தால் நிறுத்திவிடுவாள், அப்புறம் அந்த ஜன்னல்கூட நமக்குக் கிடையாது என்று அம்மா தடுத்தாள். அவள் சொல்வது நடக்கலாம், அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, ஆனாலும் ஒளிந்து நின்று உன்னைப் பார்க்க என்னால் இனி முடியாது. நிறுத்துவதானால் நிறுத்து மகளே, அதற்கு முன்னால் ஒரு போன் பண்ணு. நீயாகச் சொல்லாமல் ஏன், எப்படி என்று எதுவும் கேட்கமாட்டோம், ப்ரசன்னாவையும் ஒரு வார்த்தை சொல்லமாட்டோம். நாங்கள் வருவதா, நீ வருகிறாயா, அதை மட்டும் சொன்னால் போதும். நீ வருவதாக இருந்தால் புதுக் குச்சியை நீயே வந்து செருகு, அதுவரை இந்தக் கிழடு ஓடட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே. உடம்பும் மனசும் தேறி நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஆசீர்வதிக்கிறோம். மறந்துவிட்டேனே, அந்த ஜன்னல் ஓரத்துச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமாம், படத்துக்குப் படம் வாடிக்கொண்டே வருகிறது என்று அம்மா எழுதச் சொல்கிறாள். நானும் அத்தனை படம் பார்த்தேன், அங்கே ஒரு செடி இருப்பதே எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு
உன் அப்பா நல்லசிவம், அம்மா தங்கம்