கீற்றுத் தட்டியில் ஓர் ஓட்டை

டாக்டரம்மா,

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். என் வலது கண்ணுக்கு வினை வந்தது, பக்கத்து வீட்டுச் சண்டையைக் கீற்றுத் தட்டி ஓட்டை வழியாகப் பார்த்ததால்தான். அந்த வீட்டு மாமியார் மருமகள்மேல் துடைப்பத்தை ஓங்கினாள். இன்னும் கொஞ்சம் நெருங்கினேன். தட்டியின் ஈர்க்கு கண்ணில் குத்திவிட்டது.

இதை இப்போது எழுத வைத்தது என் கைக்குட்டை. நேற்று விழுப்புரத்தில் ஒரு புது டாக்டரிடம் கண்ணைக் காட்டினேன். சாயச் சொட்டு விட்டார்கள். துடைத்த இடத்தில் மஞ்சளும் பச்சையுமாய்க் கறை. திண்டிவனத்தில் உங்கள் முன்னால் நான் உட்கார்ந்திருந்த முக்காலி நினைவுக்கு வந்தது. நீங்கள் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது.

அன்றைக்கு உள்ளூரில் காட்டினால் சேதி அம்பலமாகிவிடும் என்றுதான் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன். நானோ அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவன். கண் போனால் சோறு போச்சு. அதற்கு முன்பே என் மனைவி, அதே பக்கத்து வீட்டு மருமகளிடம் சங்கில் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் ஊற்றியிருந்தாள். "பாவம், அண்ணன்" என்று அந்தப் பெண் கலங்கினாளாம்.

நீங்கள் சாயம் விட்டு, விளக்கைப் பிடித்துப் பார்த்தீர்கள்.

"கருவிழியில புண்ணு. எப்படி ஆச்சு?"

"பஸ்ல வந்துக்கினு இருந்தேங்க. தூசு விழுந்துடுச்சு."

பென்சிலின் சொட்டு கொடுத்தீர்கள். ஒரு வாரத்தில் புண் பெருத்தது. உங்கள் சுவர்க் காலண்டரில் தேதி புகையாகிப் போயிற்று. அன்று நாற்காலியை இழுத்து என் எதிரில் போட்டுக்கொண்டீர்கள்.

"தூசுப் புண்ணு இப்படிச் சாம்பல் பூத்து, ஓரம் பிஞ்சி இருக்காது. நெல்லோ வைக்கோலோ பட்டிருக்கு. சொல்லாம நீங்க எழுந்திருக்க முடியாது."

"தூசுதாங்க..."

"ஒங்க மானம் பெருசா, கண்ணு பெருசா?"

கொஞ்ச நேரம் யோசித்தேன். அதுதான் கேவலம். பிறகு சொன்னேன். கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். நீங்கள் சிரிக்கவில்லை.

"சண்டையில யாரு ஜெயிச்சாங்க?"

"பாக்க முடியலீங்க."

மரத்துப்போகச் சொட்டு விட்டு, புண்ணின் ஓரத்தைச் சுரண்டிக் கண்ணாடிச் சில்லில் தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்தீர்கள். "வாங்க, நீங்களே பாருங்க." நல்ல கண்ணால் பார்த்தேன். நூல் நூலாய்ப் பூஞ்சை.

"கீத்துல இருந்து ஒங்க கண்ணுக்குக் குடி வந்திருக்கு. காலி பண்ண வெக்கிறேன்."

அதற்கென்று தனி மருந்து அப்போது நம் பக்கம் கிடைக்கவில்லை. பென்சிலினை நிறுத்தினீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் சுரண்டி, பஞ்சுக் குச்சியில் டிங்சர் தொட்டு வைத்தீர்கள். வலி தாளாமல் ஒருநாள் நான் வரவில்லை. மறுநாள் தபாலில் ஒரு கார்டு: "இதைக் கண்டதும் வராவிட்டால் விழுப்புரம் வந்து, உங்கள் அச்சாபீசிலேயே வைத்துச் சுரண்டுவேன்." அதை முதலாளிதான் முதலில் படித்தார். அதற்கப்புறம் தவறாமல் வந்தேன். ஆறு வாரம், ஞாயிற்றுக்கிழமையும் எனக்காகக் கதவு திறந்தது.

புண் ஆறியது. ஓரத்தில் பால்நிற வடு மட்டும். இன்றைக்கும் கல்யாணப் பத்திரிகையின் பொடி எழுத்தை நானே கோக்கிறேன். கண் சிவந்து எவன் வந்தாலும் பிடித்து உட்காரவைத்து, "என்னா குத்திச்சு? டாக்டருகிட்ட மறைக்காதே" என்று சொல்லாமல் விடுவதில்லை. நீங்கள் கொடுத்துப் போன கண்ணுக்கு நான் செய்யும் கைம்மாறு அது.

நேற்று அந்தப் புது டாக்டரும் வடுவைப் பார்த்து, எப்படி ஆனது என்று கேட்டார். துணைக்கு வந்த மாப்பிள்ளை பக்கத்தில் நின்றிருந்தார்.

"பஸ் தூசுங்க" என்றேன்.