நாற்பத்தெட்டு செக்கன் யாருடையது?

என்ரை பாசமுள்ள அண்ணைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமாகிறது. உயிரோடு இருந்தபோது ஒருமுறை கேட்டேன், மழுப்பிவிட்டீர்கள். மறுபடியும் கேட்கத்தான் எழுதுகிறேன்.

காங்கேசன்துறையில் எங்கள் வீட்டின் பின்பக்கக் கோடிக்குள் நீங்கள் அந்தச் சின்னப் பந்தயக் காரைச் செய்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஒருவர் மட்டும்தான் அதில் இருக்கலாம். இஞ்சின் மோட்டார் சைக்கிளுடையது. கொழும்பில் பெரிய பந்தயக் கார் வைத்திருந்த முதலாளி ஒருவர் அதை ஓட்ட ஆள் தேடினார். சின்னக் காரில் பழகியவனைத்தான் எடுப்பாராம். "பெரிய இஞ்சின் ஓட்டுறவன்ரை பிழையை மறைச்சுப்போடும். சின்னனிலை ஒளிக்க ஏலாது" என்றாராம்.

வளைவில் காரின் சில்லு ரோட்டை எப்படிப் பிடித்து நிற்கிறது என்று வெளியில் நின்று பார்க்க வேண்டும் என்றீர்கள். ஒரு ஞாயிறு விடியக் கடற்கரை ரோட்டில் காரை என்னிடம் தந்து ஓட விட்டீர்கள். முதல் தரம் பயத்தில் வளைவுக்கு முன்பே பிரேக்கை அமத்தினேன். இரண்டாம் தரம் கொஞ்சம் பிந்தி. மூன்றாம் தரம் தொடவேயில்லை. பின்பக்கம் வழுக்கியது, பிடியைத் தளர்த்தினேன், தானாக நேரானது. அதை எனக்குக் கற்றுத் தந்தது அந்தக் கார்தான்.

மூன்று தரமும் மணிக்கூட்டைப் பார்த்து நீங்கள் சொன்னது ஒன்றே. "ஐம்பத்திரண்டு செக்கன்."

"மணிக்கூட்டைக் காட்டுங்கோ அண்ணை."

"உனக்கேன் பிள்ளை? ஓடினதே காணும், நேரம் வேண்டாம்."

அன்று விழுந்தது சந்தேகம்.

அடுத்த மாதம் முதலாளி வந்தார். அதே ரோட்டில் நீங்கள் ஓடிக் காட்டினீர்கள். தேத்தண்ணியோடு நான் பக்கத்தில் நின்றேன். அவர் தன் மணிக்கூட்டைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "ஐம்பத்தொண்டு. நாற்பத்தெட்டிலை ஓடினதெண்டெல்லோ கடிதத்திலை எழுதினனீர்?"

"இண்டைக்கு எதிர்க்காத்து, ஐயா."

அன்று ஒரு ஓலைகூட அசையவில்லை. நீங்கள் என் பக்கம் திரும்பவுமில்லை.

அவர் உங்களையே எடுத்தார். இரண்டு வருடம் தெற்கில் பெரிய கார் ஓட்டினீர்கள். ஒரு தரமும் முன்னுக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது கேட்டேன்: "அந்த நாற்பத்தெட்டு ஆர் ஓடினது?"

"ரண்டு பேரும் ஓடின கார்தானே" என்று எழும்பிப் போய்விட்டீர்கள்.

நேரம் தெரிந்தால் இன்னும் விசையாக ஓடிச் செத்துப்போவேன் என்று பயந்தீர்களா? பெட்டைக்கு ஆர் கார் தரப்போகினம் என்று நினைத்தீர்களா? இல்லாவிட்டால், அண்ணை, பொறாமையா? உங்களைப் பற்றி இப்படி எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

போன மாதம் அந்த முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. புது ஓட்டுநர்களைப் பழக்கி எடுக்கச் சின்னக் கார்ப் பந்தயம் மறுபடி தொடங்குகிறார்களாம். எங்கள் காரை விற்பீர்களா என்று கேட்டிருந்தார். "நாற்பத்தெட்டில் ஓடிய கார்" என்றுதான் எழுதியிருந்தார். ஓடியவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நாற்பத்தெட்டில் ஓடியது நீங்கள் இல்லை என்று அவருக்கும் அன்றே தெரிந்திருந்ததோ?

கார் விலைக்கில்லை, ஓட்டுநரோடுதான் வரும் என்று பதில் போட்டேன். பந்தயத்துக்கான விண்ணப்பப் படிவம் வந்தது. என் வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உண்மையாத்தான் போறீரோ?"

"ஓம்."

முப்பத்தாறு வயதில் என்ன பழகப் போகிறாள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். ஓட்டுநர் பெயர் கேட்ட இடத்தில் என் பெயரை எழுதி நேற்றே தபாலில் போட்டுவிட்டேன்.

ஆகக் கடைசியாக வந்தாலும், உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்று உள்ளதை உள்ளபடி சொல்லுவேன். ஒரு செக்கனும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன்.

உங்கள் ஒரே தங்கச்சி,
தவமணி