மூன்றாம் தூணின் சேவகன்

நூரெம்பெர்க்,
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த செவ்வாய், 1514

அன்புள்ள அண்ணனுக்கு,

இதை எழுதுவது என் கைதான், நம்பு. குளிர்காலம் முழுதும் மடத்துத் துறவியிடம் உட்கார்ந்து, அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்றேன். ஒரு வரி முடிவதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. உளிகூட இத்தனை கனமில்லை. ஆனாலும் எழுதிய வரியைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் சிலுவைப் பாதையில், மூன்றாம் தூணில், ஆண்டவரைக் கயிற்றால் இழுக்கும் சேவகனுக்கு உன் முகத்தை வைத்தேன். அப்பா வீட்டுக்காக நாம் போட்ட சண்டையின் கோபம். பெரிய வெள்ளிதோறும் ஊரே அவன்மேல் துப்பியது. அது தாங்காமல் நீ பாம்பெர்க் போய் ஒன்பது வருடமாகிறது.

மணற்கல்லில் கூட்ட முடியாது, குறைக்கத்தான் முடியும். இந்தத் தவக்காலத்தில் அந்தச் சேவகனிடமிருந்த உன் நீள மூக்கைச் செதுக்கி என்னுடையதைப்போலச் சப்பையாக்கினேன். தாடியையும் எடுத்துவிட்டேன். மூன்று நாள் வேலை. முட்டி இன்னும் வலிக்கிறது.

இந்தப் பெரிய வெள்ளியன்று ரொட்டிக்காரி உர்சுலா துப்ப வந்தவள் நின்றுவிட்டாள்.

"ஏன் பெரியவரே, இவன் உங்கள மாதிரியே இருக்கானே?"

"மாதிரி என்ன மாதிரி? நானேதான்."

"அப்ப துப்பலாமா?"

"தாராளமா துப்பு தாயி."

துப்பினாள். குறி தப்பவில்லை.

ஊருக்குத் திரும்பி வா; வரும்போது சந்து வழியாக ஒளிந்து வராதே, அண்ணா. ஊர்வலப் பாதையிலேயே வா. உன் மூக்கு இப்போது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

உன் தம்பி