போக இரண்டரை, வர ஏழரை

ராத்தா,

ஊருக்கு டிக்கெட் எடுக்கலாம் என்று இன்று காலை தோஹாவில், அறைக் கட்டிலில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். கொழும்புக்கு எத்தனை மணித்தியாலம் என்று கேட்காமலேயே சொல்கிறது. ஐந்து மணித்தியாலமாம். நீங்கள் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டீர்கள். சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

நான் முதல் தடவை புறப்பட்டபோது, கண்டக்குழி வீட்டு மேசையில் டிக்கெட்டை விரித்து வைத்து விரல்விட்டு எண்ணினீர்களே. போகும்போது பத்துக்கு ஏறிப் பன்னிரண்டரைக்கு இறங்குகிறேன். வரும்போது எட்டுக்கு ஏறி மூன்றரைக்கு.

"என்ன தம்பி, போக ரெண்டரை மணித்தியாலம், வர ஏழரையா? ஒரே பிளேன்தானே?"

தோஹா மணிக்கூடு நம்முடையதைவிட இரண்டரை மணித்தியாலம் பின்னால், இரண்டு பக்கமும் ஐந்துதான் என்று விளக்கினேன்.

"ஓம் ஓம், நீ படிச்சவன். ஊட்டை உட்டுப் போறது லேசு, வாறதுதான் சுணங்கும். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அதே கேலி. வேன் பாலாவிச் சந்தியைத் தாண்டும்போது, "இந்தா போயிருவான், ரெண்டரைதானே" என்பீர்கள். கட்டுநாயக்காவில் நான் உள்ளே மறையும்வரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதும் நீங்கள்தான். ஒரு தடவை அங்கேதான் சொன்னீர்கள். "வாப்பாவும் இல்லை, அவரும் இல்லை, புள்ளையும் இல்லாதவ நான். என்னைக் கபுறுக் குழியில வெக்க நீதான் எறங்கணும், சரியா?" பயணம் போகிற நேரத்தில் என்ன கதை இது என்று கோபித்தேன். கோபித்துக்கொண்டே ஓம் என்றேன்.

நீங்கள் மௌத்தான அன்று, வாப்பாவின் இடத்தில் நின்ற சாச்சா போனில், "எத்தனை மணிக்கு வந்து சேருவாய், மகன்?" என்று கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன். "எட்டு மணி பிளேன், சாச்சா. ஒரு மணிக்கு எறங்கிருவேன். நாலு மணிக்கு ஊர்ல." எட்டும் ஐந்தும் பதின்மூன்று. இத்தனை வருடம் உங்களுக்குப் பாடம் எடுத்தவன் மணிக்கூட்டை மறந்துவிட்டேன், ராத்தா. என் சொல்லை நம்பி, பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று பள்ளியில் அறிவித்துவிட்டார்கள்.

கட்டுநாயக்காவில் இறங்கியபோது மூன்றரை. ஊருக்கு இன்னும் மூன்று மணித்தியால ஓட்டம். போன் எடுத்தால், உங்களைப் பள்ளிக்குக் கொண்டுபோயாகிவிட்டது, சனம் நிறைந்து நிற்கிறது என்றார் சாச்சா. அத்தனை பேரையும் எப்படி நிறுத்தி வைப்பது? "எனக்காக நிக்காதீங்க, கபுறுல வெச்சிருங்க சாச்சா" என்று நானேதான் சொன்னேன். முழங்கால் வலியோடு அவர்தான் கபுறுக்குள் இறங்கினாராம்.

நான் வந்து சேர்ந்தபோது பொழுது மறைந்து மஃரிப் தொழுகையும் முடிந்திருந்தது. கபுறின் மேல் ஊற்றிய தண்ணீர் காயவில்லை. "சரியாச் சொல்லியிருந்தா மஃரிபுக்குப் பொறகு வெச்சிருப்போமே, மகன்" என்றார் சாச்சா. குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

டிக்கெட் எடுத்துவிட்டு இப்போதுதான் அவரோடு பேசினேன். பிளேன் எத்தனை மணித்தியாலம் என்று கேட்டார்.

ஏழரை என்றேன்.