மைனஸ் ஐம்பத்திரண்டு கிலோ

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி தேவலையா? நான் சௌக்கியம்.

எங்கள் கிடங்கின் பழைய எடைமேடையை யுஎஸ்பி அடாப்டர் போட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் இணைத்தேன். காலையில் மேடை காலியாக இருக்கும்போதுதான் பூஜ்யம் வைத்தேன். மதியமும் மேடை காலிதான், ஆனால் திரையில் மைனஸ் ஐம்பத்திரண்டு கிலோ. பூஜ்யம் வைத்தபோது மேலே நின்ற ஏதோ ஒன்று பிறகு இறங்கிப் போயிருந்தால்தான் அப்படிக் காட்டும்.

சூப்பர்வைசரிடம் அடாப்டர் கோளாறா என்று கேட்டேன்.

"அதுன்னா கிறுக்கெழுத்தா வரும்ப்பா. இது சுத்தமா எடை காட்டுதே," என்றார்.

விளையாட்டாக நானே ஏறி நின்றேன். சரியாகப் பூஜ்யத்துக்கு வந்தது; காலையில் மேலே நின்று இறங்கிப் போனதற்கும் என் எடையேதான்.

கவலைப்படாதீர்கள், ஒழுங்காகத்தான் சாப்பிடுகிறேன். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை, ஒரு பெல்ட் அனுப்புங்கள். பதிலில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எழுதுங்கள். மணியடித்துவிட்டது.

நான்தான்,
உங்கள் மகன்