பதினாறு நாள் கணக்கு

சுங்கை பினாங்,
12.5.2025

அன்புள்ள கிளாடிஸ்,

இன்றைக்கு லிஃப்டில் மானம் போனது. பக்கத்து வீட்டு ரொஸ்னா ஏறினாள், ஏழு மாத வயிறு. நான் மூன்றாவது மாடியிலேயே குதித்து இறங்கி, பதினோராவது மாடிக்குப் படியேறி நடந்தேன். "பாக்சிக், என் மேல நாத்தமா?" என்று இந்தக் கிழவனைப் பார்த்துக் கத்துகிறாள். எனக்குள் கதிர் வீசுகிற மருந்து இருக்கிறது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று எந்த மலாயில் சொல்வது? ஆபரேஷனுக்குப் பிறகு குரலும் தகர டப்பா. அதனால்தான் போன் பண்ணாமல் மாப்பிள்ளை ஜெஃப்ரி கையில் கடிதம்.

தைராய்டுக்கு அந்த அயோடின் மாத்திரையை விழுங்கி ஏழு நாள். எட்டு நாளில் பாதி அழியுமாம். அடுத்த எட்டில் மீதிப் பாதி. ஆக, பதினாறு நாளில் நான் சுத்தம். அப்புறம் வந்து பேரனைத் தூக்குகிறேன்.

களைத்துப்போன,
அப்பா

கெப்பாலா பத்தாஸ்,
27.7.2025

அப்பா,

நான் பாடம் எடுக்கிற படிவம் ஐந்து பிள்ளைகளும் இதே தப்பைத்தான் செய்கிறார்கள். இரண்டாவது எட்டில் மீதி முழுதும் போகாது, மீதியில் பாதிதான் போகும். மே மாதமே சொன்னேன். அன்றிலிருந்து "அப்போ எப்பத்தான் தீரும்?" என்று கேட்டே தள்ளிப் போடுகிறீர்கள்.

எண்பத்து மூன்று நாள் ஆச்சுப்பா. பத்துத் தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதுவும் நீங்கள் முதல் வாரமே சிறுநீரோடு பாத்ரூமில் கொட்டியது போக. டாக்டர் மூன்று வாரம் போதும் என்றார். நீங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்று டுரியான் பழத்தைக் கொடுத்துவிட்டு ஓடுகிறீர்கள். மாமாவுக்குப் பிள்ளையைப் பிடிக்கலையோ என்கிறார் ஜெஃப்ரி. எனக்கும் சலித்துவிட்டது.

ஆகஸ்ட் 10 பிள்ளைக்கு ஞானஸ்நானம். அன்றைக்கும் தூக்கவில்லை என்றால் இனி வரவே வேண்டாம்.

கிளாடிஸ்

சுங்கை பினாங்,
11.8.2025

அன்பு மகளே,

நேற்று மாதா கோயில் வாசலில் ஒரு வார்த்தை கேட்காமல் பேரன் ரயனை என் கையில் திணித்தாய். "என்னப்பா, அதுக்குள்ள திருப்பி நீட்டுறீங்க? பத்து கிலோவா அவன்?" என்றாய். வயசாச்சு லா என்றேன். பொய்.

உனக்கு முன்னால் பிறந்த செபஸ்தியானைத் தெரியுமல்லவா, ஒன்பது நாள் இருந்தவன். அப்போது எனக்குப் பழைய பேட்டரி உடைக்கிற பட்டறையில் வேலை. சாயங்காலம் வந்ததும் சட்டைகூட மாற்றாமல் அவனைத் தூக்குவேன், அவ்வளவு அவசரம். சட்டையெல்லாம் ஈயத்தூள். அது எட்டு நாளில் பாதியாகிற சரக்கு இல்லை. அதனால்தான் போனான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உன் அம்மாவிடம் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

உன் கணக்கு சரிதான். அந்த ஆயிரத்தில் ஒன்றைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை.

நேற்று உன் பிள்ளை என் காலரைப் பிடித்துக்கொண்டான். எல்லோரும் ரயன், ரயன் என்று கூப்பிட்டீர்கள். நானும் கூப்பிட்டேன், மனசுக்குள்ளே. செபஸ்தியான் என்று.

உன் அப்பா